அட்டையில்லாத நாவலின் இரண்டாம் பாதி

எனக்குக் கதை பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரோ ஒருத்திக்கு யாரோ ஒருவன் மேல் ஆசை, நடுவில் ஒரு சொத்துத் தகராறு, இதற்கு நானூறு பக்கம். நான் வெளிநாட்டில் வண்டி ஓட்டுகிறவன். ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் அழுக்குத் துணியை ஏற்றிவந்து சலவை ஆலையில் இறக்குவதும், வெளுத்த துணியைத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுப்பதும் என் வேலை. நேரத்துக்குப் போய் நேரத்துக்கு வருகிறவனுக்குக் கதை எதற்கு? அப்படிப்பட்ட என்னை இருபது வருஷத்துக்கு மேலாக நாவல் கேட்க வைத்த ஒரு மனிதரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். நியாயமாகப் பார்த்தால் இது ஒரு புகார்.

ஆலையில் அவரை எல்லோரும் ‘ஃபாரம்’ என்றுதான் கூப்பிடுவோம். புத்தகத்தைப் பதினாறு பதினாறு பக்கமாக மடித்து, மடிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தைப்பார்களே, அந்த ஒவ்வொரு மடிப்புக்கும் அச்சகத்தில் ஃபாரம் என்று பெயராம். இவர் கையில் எந்தப் புத்தகம் கிடைத்தாலும் முதல் வேலையாக முதுகில் இருக்கும் நூலை பிளேடால் அறுத்து, ஃபாரம் ஃபாரமாகப் பிரித்துவிடுவார். பார்ப்பவர்களுக்கு மீனைக் கழுவி ஆய்வதுபோல இருக்கும். ஆலைக்குள் புத்தகம் கொண்டுபோகக் கூடாது என்பது சட்டம். ஒரு ஃபாரம் என்றால் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொள்ளலாம், வெளியே தெரியாது.

அவருக்கு இஸ்திரி உருளையில் வேலை. ஆள் உயரத்தைவிட நீளமான இரும்பு உருளை அது. ஈரமான படுக்கை விரிப்பை ஒரு பக்கம் கொடுத்தால் மறுபக்கம் மொடமொடவென்று வெளியே வரும். காலையில் அது சூடேறும் வரைக்கும் பக்கத்தில் சும்மா நிற்க வேண்டும். அந்த நேரம்தான் அவருடைய படிப்பு நேரம். ஒருநாள் சூப்பர்வைசர் பார்த்துவிட்டார். அவருக்கு நம் பாஷை தெரியாது. என்ன இது என்று கேட்டதற்கு இவர் கொஞ்சமும் யோசிக்காமல், "பிரார்த்தனை" என்றார். அன்றைக்கு அந்த ஃபாரத்தில் நடந்துகொண்டிருந்தது ஒரு கொலை. சூப்பர்வைசர் பயபக்தியோடு தொப்பியைக் கழற்றினார். அதன்பிறகு காலையில் அவரை யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்று உத்தரவே போட்டுவிட்டார். தன் மகன் பரீட்சை எழுதிய வருஷம் கொஞ்சம் சேர்த்துப் பிரார்த்திக்கச் சொன்னார். இவரும் இரண்டு ஃபாரமாகக் கொண்டுபோனார். பையன் பாஸாகிவிட்டான்.

இன்னொரு கூத்தும் உண்டு. இவ்வளவு படித்த மனிதருக்கு ஒரு புத்தகத்தின் பெயரும் தெரியாது, எழுதியவர் பெயரும் தெரியாது. லீவுக்கு ஊருக்குப் போய்த் திரும்புகிறவர்கள்தான் அவருக்குப் புத்தகம் கொண்டுவருவார்கள். விமான நிலையத்தில் பெட்டியின் எடை இடிக்கும். அதனால் இவரே சொல்லி அனுப்புவார், "அட்டை வேண்டாம், முன்னுரை வேண்டாம், கதையை மட்டும் எடுத்துட்டு வா" என்று. வந்து சேருவதெல்லாம் சட்டை கழற்றிய புத்தகங்கள். எந்தப் புத்தகம் பிடிக்கும் என்று கேட்டால், "கிணத்துல மோதிரம் விழுமே, அது" என்பார். அல்லது, "ரெண்டு தம்பியும் ஒரே சட்டையைப் போட்டுட்டு ஊரை ஏமாத்துவானுங்களே, அது" என்பார். அதை வைத்துக்கொண்டு எந்தக் கடையில் போய்க் கேட்பது?

இந்தப் பைத்தியம் எங்கே பிடித்தது என்று ஒருமுறை கேட்டேன். பொட்டலம் மடித்த காகிதத்தைப் படித்து வளர்ந்தேன் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அப்படியெல்லாம் இல்லையாம். எல்லாம் அவருடைய அக்கா செய்த வேலை. அவர்கள் தெருவில் நாலு வீட்டுக்கு ஒரே வாரப்பத்திரிகை. அதில் வரும் தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்துப் புத்தகமாக்கி வைப்பது அக்காவின் பொழுதுபோக்கு. பத்திரிகை கடைசியாகத்தான் இவர்கள் வீட்டுக்கு வரும். சில வாரம் வராமலே போய்விடும். அப்படி விட்டுப்போன வாரங்களில் கதாநாயகி மாடியிலிருந்து தள்ளப்பட்டிருப்பாள், அடுத்த வாரம் பார்த்தால் கல்யாணப் பந்தலில் உட்கார்ந்திருப்பாள். அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டே, "நடுவுல என்னடா ஆச்சு? சொல்லு" என்பாளாம். இவர் எதையாவது சொல்ல வேண்டும். பிடிக்காவிட்டால் ஈரக்கையால் தலையில் ஒரு குட்டு விழும், வேறு சொல்ல வேண்டும். குட்டுக்குப் பயந்து கற்ற வித்தை அது. பிற்காலத்தில் அது அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று அந்த அக்காவுக்கும் தெரிந்திருக்காது.

ஃபாரம் லீவில் ஊருக்குப் போன இடத்தில் கல்யாணம் முடிந்து, லீவு முடிந்ததும் திரும்பி வந்துவிட்டார். மனைவி அவருடைய அம்மாவோடு ஊரில். வார விடுமுறையன்று மதியம் போன். அப்போதெல்லாம் போன் கார்டு. நம்பரைச் சுரண்டிப் போட்டுப் பேச வேண்டும். எங்கள் அறையில் வரிசையாகக் கட்டில்கள், நடுவில் ஒருவர் நடக்க மட்டும் இடம். இதில் ரகசியம் பேச வழி ஏது? அவர் பேசியதும் அந்தப் பக்கத்துக் குரலும் எல்லோர் காதிலும் விழும்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். நீங்க?"

"சாப்பிட்டேன்."

அதோடு சரி. பாவம், பழகியதே சில வாரம், அதற்குள் என்ன பேசுவது? கார்டு தண்ணீராய்ப் போய்க்கொண்டிருக்கும், இரண்டு பேரும் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்கும். ஒருநாள் தாங்க முடியாமல் தலையணைக்கு அடியில் இருந்த ஃபாரத்தை எடுத்து, "ஒரு கதை படிக்கட்டுமா?" என்றார். அந்தப் பக்கம், "ம்" என்றது. அன்றிலிருந்து தொடங்கியது எங்கள் தலைவலி.

முதல் நாவலின் கடைசியில் கதாநாயகி செத்துப்போனாள். ஃபாரம் ஒரு எழுத்து விடாமல் உருக்கமாகப் படித்து முடித்தார். அந்தப் பக்கம் ஒரு விசும்பல், அப்புறம் போனை வைத்த சத்தம். அடுத்த வாரம் போன் எடுக்கப்படவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. மூன்றாவது வாரம் எடுத்து, "எனக்குன்னு இங்க பேச்சுத்துணைக்கு இருந்தவ அவ ஒருத்திதான். அவளையும் சாகடிச்சிட்டீங்களே" என்றாள் அந்தப் பெண். ஃபாரத்தின் முகம் சுண்டிவிட்டது. இத்தனை தூரத்தில் உட்கார்ந்துகொண்டு எப்படிக் கண்ணைத் துடைப்பது? அன்றே அறையில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. இனி எந்தக் கதையிலும் யாரும் சாகக் கூடாது. சாகிற மாதிரி வந்தால் அறை கூடி மாற்றும்.

அறை என்றால் முக்கியமாக மூன்று பேர். கிழிந்த விரிப்புகளைத் தைக்கும் தையல்காரர். நீராவி பாய்லரைப் பார்த்துக்கொள்ளும் பாய்லர்காரர், வேலையிடத்தில் சிங்கம், கதை கேட்டால் மூக்கைச் சிந்துவார். அப்புறம் நான். எனக்குக் கதை பிடிக்காது என்றாலும் ஒரு கூட்டம் என்றால் தலைவர் வேண்டுமே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஃபாரத்தின் மனைவி உண்டாகியிருந்த சமயம், தையல்காரர் லீவு முடிந்து ஒரு நாவலோடு வந்தார். பெட்டியைத் திறந்தால் பாதி நாவல்தான் இருந்தது. எடை கூடிவிட்டதாம். வழியனுப்ப வந்தவர்களிடம் கத்தரிக்கோல் வாங்கி, நூலை அறுத்து, பின்பாதியைத் திருப்பி அனுப்பிவிட்டாராம்.

"ஃபாரம் ஃபாரமாப் பிரிச்சாப் புத்தகத்துக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அடுத்து வர்றவன் கையில மீதி வந்துடும்" என்றார்.

பெட்டியில் அவர் மச்சானுக்காக வாங்கிவந்த ஒரு ஜோடி தோல் செருப்பு இருந்தது. நாவலை விட்டுவிட்டுச் செருப்பைக் கொண்டுவந்த அந்த மனிதரை நான் என்ன சொல்லித் திட்டினேன் என்பதை இங்கே எழுத முடியாது.

அந்தக் கதையில் ஒரு பெண். பெரிய வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். கெட்டிக்காரி. மாமியார் எள் என்றால் எண்ணெயாக நிற்பாள், ஆனால் கண்ணில் ஒரு வெட்டு இருக்கும். ஃபாரத்தின் மனைவிக்கு அவளை அப்படிப் பிடித்துவிட்டது. வாராவாரம் போனை எடுத்ததும் சாப்பிட்டீர்களா என்று கேட்பதற்கு முன்னால், "அவ என்ன பண்றா?" என்றுதான் கேட்பாள். கடைசி ஃபாரத்தில் அந்தப் பெண் வீட்டுச் சாவிக்கொத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மாமியாருக்கு எதிரில் வந்து நிற்கிறாள். வாயைத் திறக்கிறாள். அங்கே பக்கம் முடிந்துவிட்டது.

அவள் என்ன சொன்னாள்? எங்களுக்குத் தெரியாது. மீதி வருவதற்கு மாதக்கணக்காகும். ஊரில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி காத்திருக்கிறாள். கூட்டம் கூடியது.

"மன்னிச்சிடுங்க அத்தைன்னு காலைத் தொட்டுக் கும்பிடட்டும்" என்றார் பாய்லர்காரர். அவர் வீட்டில் அம்மாவுக்கும் மனைவிக்கும் தினமும் நடக்கும் சண்டையில் அவர் இங்கே போனை எடுக்கவே நடுங்கிக்கொண்டிருந்த காலம். சொத்தில் தன் பங்கை நாத்தனார் கல்யாணத்துக்குக் கொடுத்துவிடட்டும் என்றார் தையல்காரர். அவருக்குத் தங்கைகள் மூன்று பேர். நான் கொடுத்தது ஒரே ஒரு காட்சி. அவளுக்குப் பட்டணத்தில் வேலை கிடைத்து உத்தரவு வருகிறது. அவள் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, சிரித்தபடியே சுக்குநூறாகக் கிழித்து அடுப்பில் போடுகிறாள். "இந்தக் குடும்பம்தான் என் உத்தியோகம்" என்கிறாள். அந்தச் சமயத்தில் என் மனைவி வேலைக்குப் போகட்டுமா என்று என்னைக் கேட்டுக்கொண்டிருந்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. காட்சி நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

ஃபாரம் எல்லாவற்றையும் சேர்த்துப் பிசைந்து, இல்லாத பக்கத்தைப் புரட்டுவது மாதிரி காகிதச் சத்தம் வேறு கொடுத்து, வாராவாரம் படித்தார். அவர் குரலில் கேட்டபோது எங்களுக்கே அது அச்சடித்த கதை என்று தோன்றியது. பாய்லர்காரர் துண்டை நனைத்துக்கொண்டிருந்தார். கதை முடிந்த மாதமே பெண் குழந்தை பிறந்தது. தாய் கொஞ்சமும் யோசிக்காமல் அந்தக் கதாநாயகியின் பெயரையே வைத்தாள். அந்தப் பெயரை நான் இங்கே சொல்லப்போவதில்லை. அந்தப் பெண் இப்போது எதிர்த்துக் கேள்வி கேட்கிற வயசில் இருக்கிறாள்.

பெயர் வைத்துச் சில வாரத்தில் மீதி நாவல் வந்து சேர்ந்தது.

ஃபாரம் கட்டிலில் உட்கார்ந்து முதல் பக்கத்தைப் படித்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, "சத்தமாப் படிங்க" என்றேன். படித்தார். சாவிக்கொத்தோடு நின்ற அந்தப் பெண் வாயைத் திறந்து சொல்கிறாள்: "அத்தை, இந்தச் சாவி இனிமேல் என்னிடம்தான் இருக்கும். எது வேண்டுமானாலும் என்னைக் கேளுங்கள், தருகிறேன்."

 அதோடு விட்டாளா? தன் பங்கைக் கேட்டு வாங்குகிறாள். நாத்தனாரைப் படிக்க வைக்கிறாள். வேலை உத்தரவு அந்தக் கதையிலும் வருகிறது, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் அதை நடுவில் வைத்து, "திங்கட்கிழமை சேர வேண்டும். சமையல் யார் என்று நீங்களே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்" என்கிறாள். கடைசிவரைக்கும் ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை.

"எரிச்சிடுங்க" என்றார் தையல்காரர்.

"புத்தகத்தை எரிச்ச கையால அப்புறம் சாப்பிட முடியுமாய்யா?" என்றார் ஃபாரம். பெட்டியின் அடியில், கம்பளிக்குக் கீழே அதைப் போட்டுப் பூட்டினார். அங்கேயே கிடந்தது.

வருஷங்கள் ஓடின. போன் கார்டு போய், கையடக்க போனில் முகம் பார்த்துப் பேசும் காலம் வந்தது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவு. போய் இறங்கியதும் மகள் இவரை ஒரு விருந்தாளியைப் பார்ப்பதுபோல உற்றுப் பார்ப்பாள். பழகிக் கழுத்தைக் கட்டிக்கொள்ளும்போது லீவு முடிந்திருக்கும்.  ஆனால் வார விடுமுறை வந்துவிட்டால் போதும், தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஃபாரத்தைப் பிரித்துவிடுவார். இப்போது அந்தப் பக்கம் கேட்பவர்கள் இரண்டு பேர்.

அந்த வீட்டில் எங்கள் கதாநாயகியும் கூடவே வளர்ந்தாள். மகள் எதிர்த்துப் பேசினால், "உன் பேர்ல ஒருத்தி இருந்தா, மாமியார் காலைத் தொட்டுக் கும்பிட்டா" என்று அம்மா தொடங்குவாள். புதுச்சட்டை கேட்டால், "அவ தன் பங்கையே கொடுத்தா." நாலு ஆண்கள் கட்டிலில் சாய்ந்துகொண்டு தயாரித்த பெண் அல்லவா, குறையே இல்லாமல் இருந்தாள். மகள் பல்லைக் கடித்துக்கொண்டு வளர்ந்தாள். அப்பாவைவிட அதிகமாகப் படித்தாள். "அந்தப் புத்தகம் பேரு என்னப்பா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். தெரியாது என்பார். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

போன வருஷம் அவளுக்கு வேலை உத்தரவு வந்தது. தூரத்து ஊரில். படிப்பு முடித்து அவளே தேடி, அவளே போய்ப் பரீட்சை எழுதி வாங்கிய வேலை. மாதம் முடிவதற்குள் போய்ச் சேர வேண்டும். அம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, அமைதியாக, "உன் பேர்ல இருந்தவ இதைக் கிழிச்சு அடுப்புல போட்டா" என்றாளாம்.

மகள் அப்பாவுக்குப் போன் செய்தபோது அவர் உருளை அருகே நின்றிருந்தார். நான் துணி இறக்கிக்கொண்டிருந்தேன்.

"அப்பா, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அவ நிஜமாவே கிழிச்சாளா? இவ்வளவு கெட்டிக்காரியா இருந்துட்டு எப்படிப்பா கிழிப்பா? எனக்கு நம்பவே முடியல. புத்தகத்துல அப்படித்தான் இருக்குன்னு நீங்க சொல்லிட்டா, நான் போகல."

போனைக் காதில் வைத்தபடியே அவர் உருளைக்குள் போன விரிப்பைப் பிடித்து இழுக்க மறந்துவிட்டார். அது சுருண்டு கருகிப் புகை வந்த பிறகுதான் எல்லோரும் ஓடினோம்.

அன்று சாயங்காலம் அறையில் கூட்டம். ஃபாரம் பெட்டியைத் திறந்து, கம்பளிக்கு அடியிலிருந்து அந்தக் கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பக்கங்கள் பழுத்திருந்தன.

"படிச்சுக் காட்டினா மக போவா. ஆனா இவ்வளவு நாள் நான் சொன்னதெல்லாம் பொய்யின்னு அவ அம்மாவுக்குத் தெரிஞ்சுடும். வாராவாரம் என் குரலைத்தானே நம்பிட்டு இருந்தா. அதையும் நான் கெடுத்துட்டா அவகிட்ட என்னோடதுன்னு அங்க என்னய்யா இருக்கு?" என்றார். 

"மககிட்ட மட்டும் ரகசியமாச் சொல்லிடுங்க" என்றேன். என் காட்சியைக் காப்பாற்றப் பார்த்தேன் என்று தையல்காரர் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பாய்லர்காரர்தான் எழுந்தார். "நாம பண்ணின தப்புக்கு அந்தப் பொண்ணு ஏன்யா அடுப்புல விழணும்? படிங்க" என்றார்.

விடுமுறையன்று மதியம் போன் போட்டார். திரையில் தாயும் மகளும் அருகருகே. நாங்கள் மூன்று பேரும் தூங்குவதுபோலப் படுத்திருந்தோம்.

"இன்னைக்கு ஒரு பழைய கதை" என்று ஆரம்பித்தார். சாவிக்கொத்து. மாமியார். வாயைத் திறக்கிறாள். "இந்தச் சாவி இனிமேல் என்னிடம்தான் இருக்கும்."

"இருங்க. அவ மன்னிப்புதானே கேட்டா?" என்றாள் மனைவி.

"இதுதான் அச்சுல இருக்கறது. அன்னைக்கு நான் படிச்சது இந்த ரூம்ல பண்ணினது. பாதிப் புத்தகம்தான் வந்திருந்துச்சு. நீ காத்திருந்தே. நாங்க பண்ணிட்டோம்."

 நான் போர்வைக்குள் வியர்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அந்தப் பக்கத்திலிருந்து, "படிங்க" என்று கேட்டது.

படித்தார். தொண்டை கட்டும்வரை படித்தார். வேலை உத்தரவைச் சாப்பாட்டுக்கு நடுவில் வைத்த இடம் வந்ததும் மகள் கைதட்டிச் சிரித்துவிட்டாள். "அதானே பார்த்தேன்! இவதான் நானு!" என்று குதித்தாள். ஃபாரத்தின் முகத்திலும் ஒரு சிரிப்பு எட்டிப்பார்த்தது. அப்போதுதான் மனைவி வாயைத் திறந்தாள்.

"அப்போ நான் எதுக்குங்க உங்க அம்மாகிட்ட இத்தனை வருஷமா வாயைத் திறக்காம இருந்தேன்?"

ஃபாரம் பக்கங்களைக் கீழே வைத்தார். அவள் நிறுத்தவில்லை.

"எதிர்வீட்டு அக்கா தையல்கடை போடலாம், கூட வான்னு கூப்பிட்டாங்க. இவ பிறந்து ஒரு வருஷம்கூட ஆகல. அவளே வேலையைக் கிழிச்சுப் போட்டாளே, நமக்கு எதுக்குன்னு வரலைன்னு சொல்லிட்டேன். அந்த அக்கா இன்னைக்கு மூணு கடை வெச்சிருக்காங்க. நான் யாரைப் பார்த்து நடந்தேன்? உங்க ரூம்ல இருக்கற ஆம்பளைங்களைப் பார்த்தா?"

திரை இருண்டது. மகளை எப்படிக் கிளப்புவது என்று யோசித்த எங்களில் ஒருவனுக்கும், இருபது வருஷமாக இன்னொருத்தி அந்தக் கதையை நம்பிக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள் என்று தோன்றவில்லை. ஃபாரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். அன்று யாரும் சாப்பிடவில்லை. நானும்தான். ஆனால் நான் கொடுத்த அந்தக் காட்சி நன்றாகத்தான் இருந்தது என்பதை இன்றும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மகள் வேலையில் சேர்ந்துவிட்டாள், படம் அனுப்பினாள். மனைவி போனை எடுக்கவில்லை. வாரங்கள் போயின. ஃபாரம் காலையில் உருளை அருகே வெறுங்கையோடு நின்றார். சூப்பர்வைசர் பதறிப்போய் என்னிடம் வந்து, "அவருக்குக் கடவுள் நம்பிக்கை போய்விட்டதா?" என்று கேட்டார்.

அப்புறம் ஒரு விடுமுறை மதியம் போன் அடித்தது. அந்தப் பக்கத்திலிருந்து. கல்யாணமான நாளிலிருந்து அவளாகப் போன் செய்தது அதுதான் முதல் தடவை.

"நாளையிலேர்ந்து அந்த அக்கா கடைக்குப் போறேன்" என்றாள்.

"சரி" என்றார். "அம்மா என்ன சொன்னாங்க?"

"சாவி எங்கேன்னு கேட்டாங்க. என் இடுப்புல இருக்குன்னேன்."

தையல்காரர் போர்வைக்குள் சிரிப்பில் குலுங்கினார்.

"இனிமே நீங்க படிக்க வேணாம். நான் படிக்கறேன், நீங்க கேளுங்க. அங்க தூங்கற மாதிரி படுத்திருக்கறவங்களையும் எழுந்து உக்காரச் சொல்லுங்க. இத்தனை வருஷமா தெரியாதுன்னு நினைச்சாங்களா?"

எழுந்து உட்கார்ந்தோம்.

அவள் படித்தாள் பாருங்கள்! ஃபாரம் படித்தது ஒரு படிப்பா? இவள் மாமனாருக்கு ஒரு குரல், போலீஸ்காரருக்கு ஒரு குரல், கதவு திறக்கிற சத்தம் எல்லாம் கொடுத்தாள். வெளியூரில் வேலை பார்க்கும் ஒரு கணவனின் கதை. வீட்டில் நடப்பது எதுவும் அவனுக்குத் தெரியாது. அவள் ஒவ்வொரு வாரமும் அவனை ஒரு பள்ளத்தில் தள்ளினாள். அது புத்தகத்தில் இருந்ததா அவள் செய்ததா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பேர் என்ன என்று கேட்டால், "அட்டையைக் கிழிச்சுட்டேன்" என்றாள். நான் விடுமுறையன்று வெளியே போவதையே நிறுத்திவிட்டேன். காரணம் வெயில்தான்.

மாதங்கள் கழித்துக் கதை உச்சத்துக்கு வந்தது. அந்தக் கணவன் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்கு வந்து, தன் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். உள்ளே இரண்டு பேர் பேசும் சத்தம் கேட்கிறது. தாழ்ப்பாள் விலகுகிறது.

"அவ்வளவுதான்" என்றாள்.

"அவ்வளவுதான்னா?" என்று கத்தியது நான்.

"கடைசி ஃபாரத்தை நூலறுத்துத் தனியா எடுத்து வெச்சிருக்கேன். அதை போன்ல படிக்க மாட்டேன். வேணும்னா அவரை நேர்ல வந்து கேட்டுக்கச் சொல்லுங்க." பிறகு குரலை இறக்கி, அவரிடம், "போதுங்க. வாங்க" என்றாள்.

ஃபாரம் அந்த வாரமே வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தார். சூப்பர்வைசர் காரணம் கேட்டதற்கு, "பிரார்த்தனை பாக்கி இருக்கு" என்றார். சூப்பர்வைசர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். பெட்டி கட்டும்போது எடை இடித்தது. தன் சட்டைகளை எல்லாம் எங்களுக்குக் கொடுத்துவிட்டு, அந்த இரண்டாம் பாதியை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

அவர் போய்ச் சேர்ந்த அன்றே போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. பாய்லர்காரர் சரியாகத் தூங்காமல் வேலையிடத்தில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தார். ஒரு வாரம் கழித்து ஃபாரமே கூப்பிட்டார். பின்னால் தையல் மெஷின் ஓடும் சத்தம்.

"கதவைத் திறந்தது யாரு? உள்ள யார் பேசினது? முதல்ல அதைச் சொல்லுங்க" என்றேன்.

அவர் பக்கத்தில் யாரிடமோ கேட்டார். ஒரு பெண் சிரித்தாள். பிறகு அவரும் சிரித்துக்கொண்டே சொன்னார்: "போன்ல சொல்லக் கூடாதாம். உன் பொண்டாட்டி, பிள்ளைங்க எல்லாரையும் கூட்டிட்டு நேர்ல வந்து கேட்டுக்கச் சொல்றா."

எனக்குக் கதை பிடிக்காது. லீவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.